எல்லைக்கு அப்பால் செல்லும் விலைப்பட்டியல்



பாகூருக்குத் தெற்கே தென்பெண்ணையைக் கடந்தால் கடலூர். வில்லியனூருக்கு மேற்கே சென்றால் விழுப்புரம். நம் கொள்வினை கொடுப்பினைக்கு இந்த மாநில எல்லை ஒரு பொருட்டல்ல. வரிச் சட்டத்திற்கோ அதுவே முதன்மையானது.

2017 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சரக்கு, சேவை வரியில் புதுச்சேரியின் குறியீடு 34, தமிழ்நாட்டின் குறியீடு 33. பாகூர் வணிகர் வில்லியனூருக்குச் சரக்கு அனுப்பினால் மத்திய வரி, மாநில வரி என இரண்டு. கடலூருக்கு அனுப்பினால் ஒருங்கிணைந்த வரி ஒன்றே.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைக் கடந்தவர்கள், பதிவு பெற்ற வணிகர்களுக்கு அளிக்கும் விலைப்பட்டியலை 2023 ஆகஸ்ட் 1 முதல் அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். கடையின் கணக்கு மென்பொருளை அத்தளத்துடன் இணைத்துவிட்டால் பட்டியல் தானே சென்று பதிவாகி, 64 இடங்கள் கொண்ட அடையாள எண்ணுடனும் கியூஆர் குறியீட்டுடனும் திரும்பிவிடும். இருமுறை எழுதும் சிரமம் இல்லை.

ஆயினும் ஒன்றை மறந்துவிடாதீர்கள். தரப்பட்ட விவரங்கள் தம்முள் பொருந்துகின்றனவா என்றே தளம் பார்க்கும். சரக்கு உண்மையில் எந்த ஊரில் இறங்கியது என்பதை அது அறியாது. 33 என்பதற்குப் பதில் 34 எனக் குறித்துவிட்டால், அத்தளத்தில் 24 மணி நேரத்திற்குள்தான் அப்பட்டியலை நீக்க இயலும். தவறான வகையில் வரி கட்டிவிட்டாலோ, சரியான வரியைக் கட்டிய பின்னரே முன்பு கட்டியதைத் திரும்பக் கோர வேண்டும். அதுவரை கைமுதல் முடங்கிக் கிடக்கும்.

ஆகவே, மென்பொருளை இணைத்துத் தருபவரிடமே எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள். பட்டியலை அனுப்புமுன் வாங்குபவரின் பதிவெண்ணையும் சரக்கு இறங்கும் ஊரையும் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.