கோலாவும் பழச்சாறும்: வளரிளம் பருவத்தினரின் எடைக் கணக்கு

தமிழக வணிகர் அமைப்புகள் 2017 மார்ச் 1 முதல் அயல்நாட்டு நிறுவனங்களின் குளிர்பானங்களை விற்பதில்லை என்று முடிவெடுத்த காலம், புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் போராடிக்கொண்டிருந்த காலமும் ஆகும். இரண்டிலும் நிலத்தடி நீர் முன்னிறுத்தப்பட்டதே தவிர, பாட்டிலுக்குள் கரைந்திருந்த சர்க்கரை பெரிதாகப் பேசப்படவில்லை. அயல்நாட்டுப் பானத்தின் இடத்தை உள்நாட்டுப் பானம் நிரப்பினால் போதும் என்ற எண்ணமே மேலோங்கியது. ஆனால் சர்க்கரைக்குச் சொந்த ஊர் கிடையாது.

300 மில்லிலிட்டர் கோலாவில் ஏறத்தாழ 32 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. உணவில் கூடுதலாகச் சேர்க்கப்படும் சர்க்கரையோடு தேன், பழச்சாறு ஆகியவற்றிலுள்ள சர்க்கரையையும் சேர்த்து ‘தனிச் சர்க்கரை’ என வரையறுக்கும் உலக சுகாதார நிறுவனம், அன்றாட ஆற்றலில் அதன் பங்கு 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் இன்னும் நல்லது என்றும் 2015இல் பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அந்த ஐந்து விழுக்காடு என்பது 25 கிராம். ஒரே பாட்டில் அதைத் தாண்டிவிடுகிறது.

இட்லியோ சோறோ தரும் நிறைவைப் பானம் தருவதில்லை என்பதால், குடித்த கலோரிக்கு ஈடாக அடுத்த வேளை உணவு குறைவதில்லை. எடை கூடுவதன் சூட்சுமம் பெரும்பாலும் இதுதான். நெதர்லாந்தில் 641 சிறுவர்களுக்கு நாள்தோறும் 250 மில்லிலிட்டர் பானம் 18 மாதங்கள் கொடுத்து நடத்தப்பட்டு, 2012இல் வெளியான ஆய்வில், சர்க்கரைப் பானம் குடித்தவர்கள் சராசரியாக 7.37 கிலோவும், சர்க்கரையில்லாப் பானம் குடித்தவர்கள் 6.35 கிலோவும் கூடியிருந்தனர். வளரும் வயதில் எடை கூடுவது இயல்பே எனினும், இடையிலுள்ள ஒரு கிலோ பானம் தந்தது.

பழச்சாறு இதற்கு விலக்கு என்று கருதுவோர் பலர். பேருந்து நிலையக் கடையில் மூன்று சாத்துக்குடிகளைப் பிழிந்து, வடிகட்டிச் சக்கையை எறிந்துவிட்டு, மேலே சீனியையும் அள்ளிப் போடும்போது, பசியை அடக்கும் நார்ச்சத்து குப்பைக்கும் இனிப்பு குவளைக்கும் போகின்றன. பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு விற்கும் மாம்பழப் பானம் அதனினும் மெலிந்தது. ‘பழ பானம்’ எனப் பெயர் பெறப் பத்து விழுக்காடு பழச்சாறு இருந்தாலே விதிப்படி போதும், மீதி நீரும் சர்க்கரையுமே. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி வட்டாரத்தில் பலா காய்த்துத் தொங்கும் பருவத்திலும் பிள்ளைகள் கையில் இந்தப் பாட்டில்தான் இருக்கிறது என்றால், அதை விந்தை என்றே சொல்ல வேண்டும்.

வரி விதிப்பும் இதே மயக்கத்தில்தான் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் வாயு ஏற்றிய பானங்களுக்கு 40 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி. வாயு ஏற்றாத பழ பானங்களுக்கோ 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைப்பு. எடையை வைத்துப் பார்த்தால் இந்தப் பாகுபாட்டுக்கு நியாயமில்லை. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்ற 2020ஆம் ஆண்டு விதிமுறை நடைமுறைக்கு வரவேண்டுமானால், பெற்றோர் ஆசிரியர் கழகங்கள்தாம் அதைக் கேட்க வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது அதைவிட எளிது: பாட்டிலின் பின்புறம் 100 மில்லிலிட்டருக்கு எனக் குறித்துள்ள சர்க்கரை அளவைப் பாட்டில் முழுவதற்கும் பெருக்கிப் பிள்ளைகளிடமே காட்டுங்கள், தாகத்துக்குத் தண்ணீரையும் நீர்மோரையும் கொடுங்கள், பழத்தைப் பிழியாமல் அப்படியே தின்னக் கொடுங்கள்.