பாட்டியைக் குணமாக்கிய கந்தக மாத்திரை



கந்தகம் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தீபாவளி வெடிதானே? எனக்கு என் பாட்டி ஞாபகம் வரும். ஏன் தெரியுமா?

பாட்டிக்கு இடது கையில் இரண்டு விரல் மடங்கியே இருக்கும். கல்யாணமான புதுசில் தறி வீட்டில் தார் சுத்திக்கிட்டு இருந்தாங்க. அப்போ கையில் ஒரு தேமல். ஊசி குத்தினாலும் வலிக்கலையாம். பார்த்தால் தொழுநோய்! டாக்டர் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று டாப்சோன். அது கந்தகம் சேர்ந்த கரிமச் சேர்மம்.

கார்பன் அணுக்களால் ஆன இரண்டு அறுகோண வளையங்கள். நடுவில் பாலம் மாதிரி ஒரு கந்தக அணு, அதோடு இரண்டு ஆக்சிஜன். இந்த அமைப்புக்கு சல்போன் என்று பெயர். 1908-ல் ஜெர்மனியில் புரோம், விட்மன் என்ற இருவர் டாப்சோனை ஆய்வகத்தில் தயாரித்தார்கள். ஆனால் அது ஒரு மருந்து என்று அப்போது யாருக்கும் தெரியாது!

1935-ல் டோமாக் என்ற விஞ்ஞானி, கந்தகம் உள்ள ஒரு சிவப்புச் சாயம் எலிகளைக் கிருமியிலிருந்து காப்பாற்றுகிறது என்று வெளியிட்டார். பட்டுக்குச் சாயம் போடும் ஊர்க்காரங்க நாம, நமக்கே ஆச்சரியமா இல்ல? உடனே மற்ற கந்தகச் சேர்மங்களையும் சோதித்தார்கள். 1937-ல் டாப்சோனை எலிகளுக்குக் கொடுத்தார்கள். கிருமி செத்தது. ஆனால் அளவு கூடினால் அதுவே விஷம்.

1940-களில் நம் தமிழ்நாட்டில், செங்கல்பட்டு பக்கத்துத் திருமணியில், டாக்டர் காக்ரேன் அதை எண்ணெயில் கலந்து தொழுநோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டார். பலன் கிடைத்தது. நைஜீரியாவில் டாக்டர் லோவ் குறைந்த அளவு மாத்திரையே போதும் என்று காட்டினார். இப்போது பெரியவர்களுக்குத் தினம் 100 மில்லிகிராம்தான்.

அது எப்படி வேலை செய்யுது? கிருமி தனக்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைத் தானே செய்ய வேண்டும். அதற்கான மூலப்பொருள் மாதிரியே டாப்சோன் வேஷம் போட்டு உள்ளே போகும். நாடாவில் நூல் இல்லாத தாரைப் போட்டால் நாடா ஓடும், துணி வளராது. அதே கதைதான். நமக்கு ஃபோலிக் அமிலம் சாப்பாட்டிலேயே கிடைப்பதால் அந்த வழியில் நமக்குப் பாதிப்பு இல்லை.

டாப்சோனை மட்டும் கொடுத்ததில் கிருமி அதற்குப் பழகிவிட்டது. அதனால் 1981-ல் உலக சுகாதார நிறுவனம் ரிபாம்பிசின், குளோபாசிமின் சேர்த்துக் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. பாட்டி அதைத்தான் இரண்டு வருஷம் விடாமல் சாப்பிட்டாங்க. நோய் போயிடுச்சு. செத்த நரம்பு மட்டும் திரும்பவில்லை, அதனால்தான் விரல் நிமிரவில்லை. அதில் கிருமி இல்லை!

ஆனாலும் போன மாசம் ஒரு விசேஷ வீட்டில் பாட்டிக்கு மட்டும் தனி டம்ளர் கொடுத்தாங்க. பாட்டி ஒண்ணும் சொல்லாம குடிச்சாங்க. எனக்குத்தான் அழுகை வந்தது. கிருமிக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு, இந்தப் பயத்துக்கு எப்போ?

நண்பர்களே, உடம்பில் நிறம் மாறி, தொட்டால் உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் மறைக்காதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். சீக்கிரம் போனால் விரல் மடங்காது.

எனக்கு இன்னைக்கும் பாட்டி கை சோறுதான்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி