மணிக்கட்டுக்குள் ஒரு காந்தம்

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர் தயாரிப்பவர்களுக்கு ஹால் சென்சார் தெரிந்த பொருள்தான். ஆக்ஸிலேட்டர் கைப்பிடியைத் திருகினால் உள்ளே காந்தம் நகரும். அதன் புலம் எவ்வளவு மாறியது என்பதைப் பக்கத்திலிருக்கும் ஹால் சென்சார் சில்லு மின்னழுத்தமாக மாற்றி, மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்பும். ஒன்றையொன்று தொடாததால் தேய்மானம் இல்லை. எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த இந்த விளைவை வைத்தே, செயலிழந்த கையையும் இயக்கியிருக்கிறார்கள்.

கழுத்துத் தண்டுவடத்தில் ஆறாவது நரம்பு மட்டத்தில் அடிபட்டவருக்கு விரல்கள் அசையாது. ஆனால் மணிக்கட்டை மேலே தூக்க முடியும். விரல்களுக்குப் போகும் நரம்புகளில் பெரும்பாலும் உயிர் இருக்கும், மூளையின் கட்டளைதான் வந்து சேராது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹன்டர் பெக்கம் குழுவினர் எட்டு மின்முனைகளைக் கைத்தசைகளில் பதித்து, சிறு மின்துடிப்புகளால் விரல்களை மடக்க வைத்தார்கள். ஃப்ரீஹேண்ட் என்ற அந்தக் கருவிக்கு 1997-இல் அந்நாட்டு அரசு அனுமதி கிடைத்தது.

எப்போது மடக்குவது, எவ்வளவு மடக்குவது? ஃப்ரீஹேண்டில் அதைச் சொன்னது மறுபக்கத் தோளின் அசைவு. அதை அளக்கும் சென்சாரைத் தினமும் யாராவது உடம்பில் ஒட்டிவிட வேண்டியிருந்தது. சொந்தக் கையால் சாப்பிட விரும்பும் ஒருவர் அதற்கும் பிறர் கையை எதிர்பார்த்திருப்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அடுத்த கருவியில் சென்சாரையும் உடம்புக்குள் கொண்டுபோனார்கள். மணிக்கட்டின் பிறை எலும்பில் ஒரு காந்தம், முன்கையின் ஆரை எலும்பில் டைட்டானியம் உறைக்குள் ஹால் சென்சார்கள். உங்கள் கையைத் தளர்வாக விட்டு மணிக்கட்டை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள், விரல்கள் தாமாகவே கொஞ்சம் மடங்கும். இயற்கையின் அந்த இணைப்பையே கருவியும் பின்பற்றியது: மணிக்கட்டைத் தூக்கினால் பிடி இறுகும், தாழ்த்தினால் விரியும். காந்தத்துக்குக் கம்பி தேவையில்லை என்பதால் ஓயாமல் வளையும் மணிக்கட்டைத் தாண்டி எந்தக் கம்பியும் போகவில்லை. இந்த வடிவமைப்பில் என்னை மிகவும் கவர்ந்தது அதுதான். மின்சாரம் தோலின் மேல் வைக்கும் சுருளிலிருந்து உள்ளே பாய்ந்தது. பிற்பாடு வந்த கருவிகள், நோயாளியால் இன்னும் அசைக்க முடிகிற தசைகளின் மின்சைகைகளையே கட்டளையாக எடுத்துக்கொண்டன.

வாகனத்தில் சென்சார் போனால் சர்வீஸ் சென்டரில் மாற்றிவிடலாம். எலும்பில் இருப்பதை மாற்ற மறுபடியும் கத்தி வைக்க வேண்டும். உடம்பின் உப்புநீர் ஒரு துளி உள்ளே கசிந்தாலும் போதும், சில்லு கெட்டுவிடும்.

அதைவிடக் கடினமானது வணிகம். 200-க்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டிருந்த ஃப்ரீஹேண்டின் விற்பனையை அதைத் தயாரித்த நிறுவனம் 2001-இல் நிறுத்திக்கொண்டது. கருவி தோற்கவில்லை, சந்தைதான் சிறியதாக இருந்தது.

கை மறுவாழ்வு நம் பக்கத்துக்கும் புதிதல்ல. ஓசூரிலிருந்து வந்தால், கிருஷ்ணகிரியில் பிரிந்து கிழக்கே போகும் நெடுஞ்சாலையில்தான் வேலூர் இருக்கிறது. 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தது அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில்தான். அவர் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு மையம் 1966-இல் தொடங்கியது. ஃப்ரீஹேண்ட் போல உடம்புக்குள் பதிக்கும் கருவி நம் ஊரில் உருவாவதானால், முதல் நோயாளிக்குப் பொருத்துவதற்கு முன்பே, இருபது ஆண்டு கழித்து உதிரி பாகம் தரப்போவது யார் என்பதை அரசும் மருத்துவமனையும் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும்.