காகிதத் தோட்டாவும் கிடைக்காத கேப்பும்

பெங்களூரில் பணம் எடுக்கப் பாங்கிக்குப் போகிறவர்கள் அவரைப் பார்த்திருப்பார்கள். கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் இரட்டைக் குழல் துப்பாக்கி. மார்பின் குறுக்கே தோல் பெல்ட். அதில் வரிசையாகச் சொருகிய தோட்டாக்கள்.

"ஏன் தாத்தா, இது நெசமாவே வெடிக்குமா?" என்று கூட வந்த பையன் கேட்டு விடுவான்.

"வெடிக்காம என்ன தம்பி, அழகுக்கா மாட்டியிருக்கேன்?" என்பது வழக்கமான பதில்.

பையன் கேட்டது வேடிக்கையாக இருந்தாலும் கேள்வி நியாயமானதே. பெல்ட்டில் இருப்பது புதிய பிளாஸ்டிக் தோட்டாவாக இருந்தால் பயமில்லை. பழைய காகிதத் தோட்டாவாக இருந்தால், அது சமயத்தில் வெடிக்குமா என்பதை வைத்திருப்பவரே அடித்துச் சொல்ல முடியாது.

காகிதத் தோட்டா என்றதும் 1857 சிப்பாய்க் கலகத்தில் கொழுப்பு தடவிய தோட்டா நினைவுக்கு வரும். அது வேறு. பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்ட வேண்டிய வெறும் பொட்டலம் அது. இங்கே சொல்வது வேட்டைத் துப்பாக்கித் தோட்டா. கெட்டிக் காகிதத்தைச் சுருட்டிச் செய்த குழாய். அடியில் பித்தளைக் குப்பி. குப்பியின் நடுவில் ஒரு குழி. அந்தக் குழியில் பொட்டு போல ஒரு கேப்பு. உள்ளே மருந்து, அதன்மேல் அட்டையும் கம்பளித் தக்கையும், அதற்கும் மேல் ஈய ரவை. ரவை கொட்டாமலிருக்க மேலே ஒரு வட்ட அட்டை வைத்து, காகித விளிம்பை உட்புறமாகச் சுருட்டி விடுவார்கள். சிவகாசிப் பக்கத்து வாசகர்களுக்குக் காகிதக் குழாய் சுருட்டுவதைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பன்னிரண்டு போர் துப்பாக்கி என்கிறார்களே, அந்தப் பன்னிரண்டு என்ன? ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை அந்தக் குழலுக்குச் சரியாக இருக்கும். ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர் வாய். எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும் என்பது இதில் உள்ள விசித்திரம்.

வீட்டிலேயே நடந்த வேலை

வெள்ளைக்காரர் காலத்தில் ஈலி, கைனாக் போன்ற இங்கிலாந்துக் கம்பெனித் தோட்டாக்கள் கப்பலில் வந்து இறங்கின. அவற்றைச் சுட்டுவிட்டு உறையை வீசி எறிய வேட்டைக்காரர்களுக்கு மனம் வராது. பொறுக்கிக் கொண்டு வந்து மறுபடி நிரப்புவார்கள். இதற்கென்றே மேஜை விளிம்பில் திருகி மாட்டும் ஒரு சின்ன எந்திரம் உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் காகித விளிம்பு அழகாகச் சுருண்டு கொள்ளும். சில தடவை சுட்டபின் காகிதத்தின் வாய் கருகிப் பிய்ந்து போகும். அதோடு அந்த உறையின் ஆயுள் முடிந்தது.

மழைக்காலம்தான் காகித உறைக்கு எமன். ஈரம் குடித்து உப்பிக்கொண்டால் குழலுக்குள் போகாது. போனாலும் சுட்டபிறகு வெளியே வராது. அதனால்தான் மெழுகு ஏற்றிய காகிதத்தில் உறை செய்தார்கள். 1960-ல் அமெரிக்காவின் ரெமிங்டன் கம்பெனி பிளாஸ்டிக் உறையைக் கொண்டு வந்த பிறகு காகிதத்தின் காலம் மெல்ல மெல்ல முடிந்தது.

பொட்டளவு சாமான்

ஈயத்தை உருக்கி வார்க்கலாம். தக்கை வெட்டலாம். அட்டை வெட்டலாம். வீட்டில் செய்ய முடியாத ஒரே சாமான் கேப்புதான். துப்பாக்கியின் ஊசி தட்டியதும் பொறியைக் கக்கி மருந்தைப் பற்ற வைப்பது அதுவே. அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் காகிதமும் ஈயமும்.

இந்தத் தட்டினால் பற்றும் யோசனைக்குக் காரணமே ஒரு பாதிரியார்! அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சிக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் எழும் பொறியைப் பார்த்தே வாத்துகள் பறந்து விடுகின்றன என்று எரிச்சலுற்று, 1807-ல் புது முறைக்குப் பேடண்ட் வாங்கினார். பறவைகளுக்குத்தான் அவரால் கஷ்டகாலம்.

பழைய கேப்புகள் பலவற்றில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் குழலில் உப்பு தங்கும். உப்பு ஈரத்தை இழுக்கும், மறுநாளே துரு. அந்தக் காலத்து ஷிகாரிகள் வேட்டை முடிந்து வந்ததும் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் விட்டது இதற்காகத்தான்.

இன்று உலகெங்கும் 209 என்ற எண்ணுள்ள கேப்பு வழக்கில் இருக்கிறது. ஆனால் முற்காலத்தில் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். பழைய உறைகள் பலவற்றின் குழியில் 209 சரியாக உட்காராது. பழைய அளவுக் கேப்பைச் செய்வாரில்லை. மேல்நாட்டில் பழம்பொருள் பிரியர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். நம் நாட்டில் அப்படித் தேடுவதற்கும் வழியில்லை.

காரணம் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் எந்திரமும் தோட்டாவாகவே கருதப்படும். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்தால், 2019-ல் வந்த திருத்தத்திற்குப் பிறகு, குறைந்தது ஏழாண்டு சிறை. ஆயுள் வரை போகலாம். புனாவுக்கு அருகே கட்கியில் 1869-ல் தொடங்கிய அரசுத் தொழிற்சாலையின் 'சக்திமான்' தோட்டாவை லைசென்ஸ் காட்டி வாங்கிக் கொள்ள வேண்டியதுதான்.

வேட்டையும் போயிற்று. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்து புத்தகம் எழுதிய கென்னத் ஆண்டர்சன் பெங்களூர்வாசிதான். அவர் காலமானது 1974-ல். அதற்கு ஈராண்டு முன்பே, 1972-ல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. தோட்டா நிரப்பும் கைவேலைக்கு அதன்பின் தேவை ஏது?

குடகில் மட்டும் கதை வேறு. அங்கே காப்பித் தோட்டங்களில் பாடுபடும் நம்மவர்களுக்குத் தெரியும். செப்டம்பரில் கைல்போத் பண்டிகையன்று குடகர்கள் துப்பாக்கியைப் பூஜையில் வைத்து, குழலில் 'தோக் பூ' சொருகுவார்கள். தோக்கு என்றால் துப்பாக்கி. பூ எது தெரியுமா? நம் காந்தள்! தமிழ்நாட்டின் அரசு மலரேதான். பிறகு தென்னை மரத்துத் தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டி. துப்பாக்கி வைத்துக்கொள்ள அவர்களுக்கு 1861-ல் மார்க் கப்பன் அளித்த விலக்கு இன்றும் தொடர்கிறது. மத்திய அரசு அதை 2029 அக்டோபர் வரை நீட்டியிருக்கிறது. ஆனால் அந்த விலக்கு வைத்திருப்பதற்குத்தான். தோட்டா செய்து விற்பதற்கு அல்ல.

தகர டப்பா

இனி, வீடுகளில் நடக்கும் சங்கதி. தோட்டத்திலோ, துரை பங்களாவிலோ, காவல் வேலையிலோ இருந்த பெரியவர் காலமான பிறகு பரணைச் சுத்தம் செய்தால், தகர டப்பாவில் பத்திருபது காகிதத் தோட்டா கிடைப்பதுண்டு. காகிதம் வெளுத்து, பித்தளை பச்சை பூத்திருக்கும். 'ரொம்பப் பழசு, இனி வெடிக்காது' என்று நினைப்பதுதான் மோசம். மருந்து நமுத்திருக்கலாம், கேப்பு நமுக்காமல் இருக்கலாம். சில சமயம் ஊசி தட்டி ஒரு விநாடி சும்மா இருந்துவிட்டு வெடிக்கும். 'புஸ்ஸென்று போயிற்றே' என்று துப்பாக்கியைத் திறந்தவர் முகத்திலேயே பாயும். கரிமருந்து இருந்த உறையில் அதே அளவுக்குப் புகையில்லா மருந்தைப் போட்டால் குழலே பிளந்துவிடும்.

பித்தளைக்கு ஆசைப்பட்டு உடைக்கக் கூடாது. அடுப்பில் போடக் கூடாது. பழைய இரும்புக் கடையில் எடை போடவும் கூடாது. கடைக்காரர் சுத்தியலால் தட்டுவார். தட்டினால் வெடிப்பதற்கென்றே செய்த சாமான் அது.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் வாரிசுகள் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 21-ஆம் பிரிவு. டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவதை விட, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, முதலில் நிலையத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்வது நல்லது. பெரியவரின் பழைய லைசென்ஸ் புத்தகம் இருந்தால் அதையும் எடுத்துப் போகலாம். ஒப்படைத்தபின் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.