மனத்தில் ஓடிய படமும் திரையில் ஓடிய படமும்

'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 2022 செப்டம்பர் 30ஆம் தேதி வெளியானபோது, சிங்கப்பூரில் பெரும்பாலான உள்ளரங்குகளில் முகக்கவசக் கட்டாயம் நீங்கி ஒரு மாதமே ஆகியிருந்தது. ஈராண்டுக்கும் மேலாகத் திரையரங்குப் பக்கமே போகாதிருந்த குடும்பங்கள் பல, தாத்தா பாட்டியுடன் வரிசையாக அமர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தன. ஒரே வரிசையில் மூன்று தலைமுறை. ஆனால் படம் முடிந்து விளக்குகள் எரிந்தபோது அந்த வரிசையிலிருந்து ஒரே கருத்து எழவில்லை.

"கதையை எங்கே காணோம்?" என்றனர் நாவலைப் படித்தவர்கள். "யார் யாருக்கு என்ன உறவு?" என்றனர் படிக்காதவர்கள். "இந்தப் புத்தகம் வீட்டில் இருக்கிறதா?" என்று கேட்ட பிள்ளைகளும் உண்டு. ஒரு படம் மூன்று விதமான எதிரொலியை எழுப்பியது ஏன்? பலரும் நேசிக்கும் நாவல் திரைக்கு வரும்போது முதல் கருத்து இப்படிப் பிளவுபடுவது இயல்புதானா?

வாரந்தோறும் வளர்ந்த கதை

இதற்கு விடை காண, நாவல் எப்படி வாசகரிடம் வந்து சேர்ந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் தொடங்கி 1954 வரை தொடர்கதையாக வந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணி மகுடம், தியாகச் சிகரம் என்று ஐந்து பாகங்கள். அச்சில் இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல். தொடர் முடிந்த அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி கல்கி காலமானார்.

தமிழக இதழ்கள் அன்று சிங்கப்பூருக்குக் கப்பலில் வந்தன. சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்த 'ரஜுலா' போன்ற கப்பல்களை மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்தக் காலத் தொடர்கதைகளைப் பலர் இதழிலிருந்து கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தித் தைத்து, அட்டை போட்டுப் பாதுகாத்தார்கள். ஒரே கட்டு பல வீடுகளுக்குக் கைமாறிப் போகும்.

இப்படிப் படித்தவர்களுக்குக் கதையுடன் ஓவியமும் சேர்ந்தே மனத்தில் பதிந்தது. முதல் முறை தொடர் வந்தபோது மணியம் படம் வரைந்தார். குந்தவையின் உயர்ந்த கொண்டை, வந்தியத்தேவனின் குதிரை, நந்தினியின் பார்வை ஆகியவை அவர் தூரிகையில் பிறந்தவை. பின்னர் கதை மீண்டும் தொடராக வந்தபோது வேறு ஓவியர்களும் வரைந்தனர். ஆக, திரைக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே வாசகர் ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு படம் ஓடி முடிந்திருந்தது. 2022ல் திரையில் பார்த்தது அவர்களைப் பொறுத்தவரை இரண்டாவது படம்.

காத்திருந்த காலமும் நீண்டது. 1958ல் எம்.ஜி.ஆர். இதைப் படமாக்க முயன்றார், அது நிறைவேறவில்லை. மணிரத்னம் 1980களின் பிற்பகுதியிலேயே முயன்று கைவிட்டு, 2010ஐ ஒட்டி மீண்டும் முயன்று, ஒருவழியாக 2019 டிசம்பரில் படப்பிடிப்பைத் தொடங்கினார். இடையில் கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாயின. பல பதிப்பகங்கள் மலிவு விலையில் நாவலை வெளியிட, வாசகர் வட்டம் மேலும் விரிந்தது, எதிர்பார்ப்பும் கூடியது.

படித்தவர்களின் குறை

முதல் பாகம் 167 நிமிடம். 2023 ஏப்ரல் 28ல் வந்த இரண்டாம் பாகம் 164 நிமிடம். இரண்டையும் சேர்த்தால் ஐந்தரை மணி நேரம். இரண்டாயிரம் பக்கத்தை ஐந்தரை மணி நேரத்தில் சொல்ல வேண்டுமானால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விட்டார்கள் என்பதில்தான் சண்டை.

நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. குதிரைமேல் வரும் வந்தியத்தேவனோடு வாசகரும் சோழ நாட்டுக்குள் நுழைகிறார். படமோ போர்க்களத்தில், ஆதித்த கரிகாலனின் வெற்றியோடு தொடங்குகிறது. ஏரிக்கரையின் நிதானத்தை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு இதுவே முதல் அதிர்ச்சி. பூங்குழலிக்கும் வானதிக்கும் கிடைத்த நேரம் போதாது என்ற குறையும் எழுந்தது.

பெரிய மனத்தாங்கல் இரண்டாம் பாகத்தில் வந்தது. கடம்பூர் இளவரசி மணிமேகலை படத்திலேயே இல்லை. நாவலைப் படித்து முடித்த பலர் கண்ணீர் விடும் இடம், இறுதியில் வந்தியத்தேவன் மடியில் அவள் உயிர் பிரியும் காட்சி. அந்தப் பெண்ணே இல்லாமல் கதையை முடித்ததை ஏற்க மறுத்தவர்கள் ஏராளம்.

அடுத்தது, கரிகாலனின் மரணம். நாவலில் விளக்கு அணைகிறது. பலர் மீது ஐயம் விழுகிறது. யார் கை என்று கல்கி அடித்துச் சொல்லவில்லை. எழுபது ஆண்டுகளாகத் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் அதைத் தொடர்ந்து விவாதித்து மகிழ்ந்தவர்கள் வாசகர்கள். படமோ நந்தினியின் கைக் கத்தியைக் கரிகாலனே தன்மீது பாய்ச்சிக்கொள்வதாகக் காட்டி ஐயத்தைத் தீர்த்துவிட்டது. புதிரை அவிழ்த்தது சிலருக்கு நிறைவு. புதிரைப் பறித்துக்கொண்டது பலருக்கு வருத்தம்.

மகுடமும் தலை மாறியது. நாவலில் சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்று தெரியவருகிறது. அருள்மொழி அவன் தலையில் மகுடத்தைச் சூட்டுகிறான். படத்தில் இந்த ஆள்மாறாட்டக் கதையே கிடையாது. முதலிலிருந்து மதுராந்தகனாக வருபவரே முடிசூடுகிறார்.

படிக்காதவர்களின் திகைப்பு

மறுபக்கம், நாவலைத் தொடாதவர்களின் நிலை வேறு. பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர், பூதி விக்கிரமகேசரி, பார்த்திபேந்திர பல்லவன் என்று பெயர்கள் அடுக்கடுக்காக வந்தன. தொடக்கத்தில் கமல்ஹாசனின் குரல் பின்னணியைச் சொன்னபோதும், யார் யாருக்கு எதிரி என்று பிடிபடுவதற்குள் இடைவேளை வந்துவிட்டதாகப் பலரும் சொன்னார்கள். ஆங்கிலத் துணைத் தலைப்பைப் படித்தபடி பார்க்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் கடினம். உரையாடல் ஓர் உறவைச் சொல்லி முடிப்பதற்குள் காட்சி அடுத்த கோட்டைக்குப் போய்விடும்.

ஆனால் இவர்களுக்குக் கிடைத்த ஒரு சுகம் படித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. முதல் பாகத்தின் கடைசியில் கப்பல் மூழ்க, கடலடியில் ஓர் உருவம் நீந்தி வருகிறது. அதற்கு நந்தினியின் முகம். படிக்காதவர்கள் இருக்கையின் நுனிக்கு வந்தார்கள். படித்தவர்களோ, "ஊமை ராணி" என்று பக்கத்து இருக்கைக்குக் கிசுகிசுத்துவிட்டு எழுந்தார்கள்.

இரு தரப்பும் ஒன்றுபட்ட இடங்களும் இருந்தன. கார்த்தியின் வந்தியத்தேவனுக்குக் கிடைத்த சிரிப்பு, ஐஸ்வர்யா ராயின் நந்தினியும் த்ரிஷாவின் குந்தவையும் நேருக்கு நேர் நிற்கும் காட்சிக்குக் கிடைத்த கைத்தட்டல், ஜெயராமின் ஆழ்வார்க்கடியான் ஆகியவற்றில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ரவிவர்மனின் ஒளிப்பதிவையும் அப்படியே சொல்லலாம். 2024ல் அறிவிக்கப்பட்ட இந்திய தேசியத் திரைப்பட விருதுகளில் முதல் பாகம் சிறந்த தமிழ்ப் படம், ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒலி வடிவமைப்பு என நான்கு விருதுகளைப் பெற்றது.

தமிழுக்கு மட்டும் நேர்ந்ததா?

இல்லை. 'பொன்னியின் செல்வன்' தொடர் முடிந்த அதே 1954ல்தான் இங்கிலாந்தில் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகம் வெளியானது. அதுவும் தலைமுறைகள் போற்றிய கதை. பீட்டர் ஜாக்சனின் முதல் படம் வந்தது 2001ல். டாம் பாம்படில் என்ற பாத்திரத்தைப் படம் அடியோடு விட்டுவிட்டது என்று வாசகர்கள் அன்று குமுறினர். டோல்கீனின் மகன் கிறிஸ்டஃபர் கடைசிவரை அந்தப் படங்களை ஏற்கவில்லை. 'ஹாரி பாட்டர்' வரிசையில் பீவ்ஸ் என்ற குறும்புப் பேய் ஒரு படத்திலும் தலைகாட்டவில்லை. அந்த ரசிகர்களுக்குப் பாம்படிலும் பீவ்சும் எப்படியோ, தமிழ் வாசகருக்கு மணிமேகலை அப்படி.

காரணம் எளிது. தொடர்கதை வாரம் ஒரு திருப்பம் வைத்தாக வேண்டும். கிளைக்கதைகள் அதற்கு உயிர்நாடி. திரைப்படத்துக்குக் கிளை கூடினால் பாரம். வாசகர் ஒரு பாத்திரத்தோடு மாதக்கணக்கில் வாழ்கிறார். திரையில் அதே பாத்திரத்துக்குப் பத்து நிமிடம். அதனால் படித்தவரின் முதல் கருத்து பெரும்பாலும் திரையில் இருந்ததைப் பற்றியதாக இருப்பதில்லை. இல்லாததைப் பற்றியதாகவே இருக்கிறது. அதே நபர் இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் இருப்பது கண்ணில் படத் தொடங்குகிறது.

கல்கியும் மாற்றியவர்தாம்

"மூலத்தை மாற்றலாமா?" என்று கேட்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கல்கியே வரலாற்றைக் கதைக்காக வளைத்தவர். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், மணிமேகலை ஆகியோர் அவர் கற்பனையில் பிறந்தவர்கள். வந்தியத்தேவன் குந்தவையின் கணவர் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. அவருடைய சாகசங்கள் கல்கி தந்தவை. கரிகாலன் கொலையில் தொடர்புடைய துரோகிகளாக ரவிதாசன் உள்ளிட்டோரின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு குறிக்கிறது. அந்தச் சில வரிகளிலிருந்துதான் ஒரு பெரும் மர்மக் கதை எழுந்தது.

இந்த வட்டாரத்தோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. காய்ச்சலில் கிடக்கும் அருள்மொழியைப் புத்த பிட்சுக்கள் காப்பாற்றும் இடம் நாகப்பட்டினம் சூடாமணி விகாரம். ஸ்ரீவிஜய மன்னன் சூடாமணிவர்மனின் பெயர் தாங்கிய அந்த விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை வழங்கியதை லைடன் செப்பேடுகள் கூறுகின்றன. அது அவனுடைய 21ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ 1006. நாவலின் நிகழ்ச்சிகளோ அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. கதைக்குத் தேவைப்பட்டதால் கல்கி விகாரத்தைக் காலத்தில் முன்னே இழுத்துக்கொண்டார். வாசகர் யாரும் அதற்காக அவரிடம் சண்டைக்குப் போகவில்லை.

அந்த அருள்மொழியின் மகன் ராஜேந்திரனின் கடற்படைதான் 1025ல் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கியது. இது பற்றி அறிஞர்கள் எழுதிய கட்டுரைகளைச் சிங்கப்பூரின் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் 2009ல் நூலாகவே வெளியிட்டது. சோழர் கதை இந்தத் தீவுக்கு முற்றிலும் அயலூர்க் கதை இல்லை.

மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். கல்வெட்டு சொல்வது ஒன்று. கல்கி சொன்னது ஒன்று. மணிரத்னம் காட்டியது ஒன்று. படத்தைப் பார்த்துவிட்டு, "இதுதான் சோழர் வரலாறு" என்று பிள்ளைகள் நம்பிவிடுவதே உண்மையில் கவலைக்குரியது. அதே தவற்றை நாவலை வைத்துச் செய்த பெரியவர்களும் உண்டு.

எது முக்கியம்?

சிங்கப்பூரைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020ல் அது 2.5 விழுக்காடு. இந்த நிலையில் இரண்டாயிரம் பக்கத் தமிழ் நாவலை அடுத்த தலைமுறை எடுத்துப் படிக்குமா என்பதே பெற்றோரின் ஏக்கம்.

அந்த வகையில், "படத்தைவிடப் புத்தகம் மேல்" என்ற பெரியவர்களின் முணுமுணுப்பே நல்ல வாய்ப்பு. எதனால் மேல் என்று பிள்ளை கேட்கும். அப்போது ஐந்து பாகத்தையும் மேசைமேல் அடுக்கினால் பிள்ளை ஓடிவிடும். படத்தில் விடுபட்ட ஏரிக்கரை அத்தியாயத்தை மட்டும் ஒரு மாலையில் வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். தமிழ் கடினம் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் அடுத்த அத்தியாயம். கல்கியும் அப்படித்தான் வாரம் ஒன்றாகக் கொடுத்தார்.

இரண்டாம் பாகம் வெளியான ஏப்ரல், சிங்கப்பூரில் தமிழ் மொழி விழா நடக்கும் மாதம். படம் பார்த்து வீடு திரும்பிய பாட்டியிடம், "மணிமேகலை யார்?" என்று பேரப்பிள்ளை கேட்டிருந்தால், படத்தில் அவள் இல்லாமல் போனதாலும் ஒரு நன்மை விளைந்திருக்கும்.