ஞாயிற்றுக்கிழமை ஏன் தண்ணீரைக் கொட்டச் சொல்கிறார்கள்?

இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போது திருவனந்தபுரத்தில் ஆஷா பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். கரமனை, வலியசாலை பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கும் வருவார்கள். வந்தவர் எட்டிப் பார்க்கும் இடங்கள் விசித்திரமானவை: ஃபிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, கிணற்றடியில் கவிழ்க்காமல் கிடக்கும் சிரட்டை. போகும்போது, "ஞாயிற்றுக்கிழமை டிரை டே, மறக்காதீங்க" என்பார். கேரள சுகாதாரத் துறையின் கணக்கில் வெள்ளி பள்ளிக்கூடங்களுக்கு, சனி அலுவலகங்களுக்கு, ஞாயிறு வீடுகளுக்கு. கொசு வளராமலிருக்க, அந்தந்த நாளில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

சரி, ஏன் வாரத்துக்கு ஒரு முறை? மாதத்துக்கு ஒரு முறை கொட்டினால் ஆகாதா? தினமும் ஏன் சொல்வதில்லை? இட்லிக்கு மாவு அரைத்துப் பழகியவர்களுக்கு இதற்கான பதில் பாதி தெரிந்ததுதான்.

முதலில் முட்டை. டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் கொசு, உடம்பிலும் காலிலும் வெள்ளை வரி போட்டது. அது தண்ணீருக்குள் முட்டை இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உள்சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. டப்பாவில் போட்டு மூடிய உளுந்து மாதிரி மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். பிறகு ஒரு மழை பெய்யும், தண்ணீர் ஏறி முட்டையை நனைக்கும். உளுந்தை ஊறப்போட்டாயிற்று, இனி அது நிற்காது.

அடுத்து புழு. தண்ணீரில் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் நெளிந்து கீழே போகுமே, அதுதான். நான்கு முறை தோலை உரித்து வளர்கிறது. பிறகு ஒன்றும் தின்னாமல் இரண்டு நாள் கூட்டுப்புழுவாகக் கிடக்கிறது. மாவு பொங்குவதற்காக மூடி வைத்த நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கொசு பறந்துவிடும். நம் ஊர் வெக்கையில் முட்டை நனைந்ததிலிருந்து கொசு பறப்பது வரை ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் ஆகும்.

ஆகவேதான் வாரம் ஒரு முறை. ஏழு நாளுக்கு ஒரு தடவை கொட்டினால் எந்த ஈடும் வெந்து இறங்காது. மாதம் ஒரு முறை கொட்டினால் நடுவில் மூன்று ஈடு இறங்கிவிடும். தினமும் கொட்டச் சொன்னால் ஒருவரும் செய்யமாட்டோம், அது துறைக்கும் தெரியும்.

ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. தண்ணீர் போய்விட்டது, உளுந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே! தொட்டியின் உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். அறிவுரையில் நாம் காதில் வாங்காமல் விடுகிற சொல் இந்தத் 'தேய்த்து' என்பதுதான்.

கவுன்சிலரிடம் போய்ப் புகை அடிக்கச் சொல்வது நமக்குப் பிடித்தமான வேலை. புகை வண்டி வந்தால் தெருவே திரண்டு பார்க்கும். அந்தப் புகையில் சாவது பறக்கிற கொசு மட்டும்தான். சுவரில் இருக்கும் முட்டைக்கும் தண்ணீரில் இருக்கும் புழுவுக்கும் அது ஒன்றும் செய்யாது. காய்ச்சல் பரவும் தெருவில் புகைக்கு வேலை உண்டு. மற்றபடி அது கண்ணுக்குத்தான் திருப்தி.

இனி நோய் எப்படி வருகிறது என்று பார்ப்போம். தண்ணீரிலிருந்து எழும் கொசுவிடம் பெரும்பாலும் வைரஸ் இருப்பதில்லை. பால் தானாகத் தயிராகுமா? ஒரு சொட்டு உறை வேண்டும். அந்த உறை டெங்கு காய்ச்சல்காரரின் ரத்தத்தில் இருக்கிறது, அதுவும் காய்ச்சலின் முதல் நான்கைந்து நாளில்தான் அதிகம். பெண் கொசு அவரைக் கடித்து, எட்டு முதல் பன்னிரண்டு நாள் கழித்து, வைரஸ் அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்ந்த பிறகே அடுத்தவருக்குக் கொடுக்க முடியும். ஆகையால் காய்ச்சலில் படுத்திருப்பவரைத்தான் கொசுவலைக்குள் படுக்க வைக்க வேண்டும், அதுவும் பகலில். ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. மற்றவர்கள் வலைக்குள் படுத்து, நோயாளியைத் திண்ணையில் காற்றாட விட்டால் ஊருக்கே உறை ஊற்றுகிற கதைதான்.

இந்தக் கொசு வெகுதூரம் பறப்பதும் இல்லை. பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் முடித்துக்கொள்ளும். கடித்த கொசு உங்கள் வீட்டுடையது, இல்லையென்றால் பக்கத்து வீட்டுடையது. அது பரப்புவது டெங்குவை மட்டுமல்ல. 2021 ஜூலையில் களியிக்காவிளைக்கு அடுத்த பாறசாலையைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிக்குக் கேரளத்தின் முதல் ஜிகா வைரஸ் தொற்று உறுதியானது. தொடர்ந்து நகரத்துக்குள்ளும் பலருக்கு வந்தது. அதைப் பரப்பியதும் இதே ஏடிஸ்தான்.

எந்த வார்டில் ஆபத்து என்பது துறைக்கு எப்படித் தெரிகிறது? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்போம். கொசு விஷயத்தில் ஒரு சோறு போதாது. ஆகவே ஒரு பகுதியின் வீடுகளுக்குள் போய், நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரங்களில் புழு இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். அரசு மருத்துவமனைகளுக்கு வரும் காய்ச்சல்காரர்களின் கணக்கும் சேர்கிறது. நெடுமங்காடு பக்கம் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டாத நாட்களில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்வதும் இதனால்தான். ஒரு மரத்துக்கு ஒரு சிரட்டை என்றால் தோட்டத்துக்கு எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டம் 2023 வந்த பிறகு இது வெறும் அறிவுரையாக மட்டும் இல்லை. கொசு வளரவிட்ட வீட்டுக்காரர் மீது வழக்கும் போடலாம், 2024இல் திருச்சூர் மாவட்டத்தில் ஒருவருக்கு நீதிமன்றம் 2,000 ரூபாய் அபராதம் விதித்தது.

மழைக்காலத்தின் இன்னொரு தொல்லை எலிக்காய்ச்சல், இங்கே எலிப்பனி என்பார்கள். எலியின் சிறுநீரிலிருந்து கிருமி தண்ணீரிலும் சேற்றிலும் கலக்கிறது. தம்பானூர் பக்கம் ஓடைத் தண்ணீர் சாலைக்கு ஏறும்போது அதில் இறங்கி நடக்கிறோம். நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்த விரல் போலக் கால் ஊறிவிட்டால் சின்னக் கீறலே கிருமிக்கு வாசல். எனவே துப்புரவுப் பணியாளர்கள், வயலில் இறங்குபவர்கள், வெள்ள நிவாரணத்துக்குப் போகிறவர்கள் ஆகியோரை வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் சாப்பிடச் சொல்கிறார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு. 2018 வெள்ளத்தின்போது இந்த மாத்திரை கேரளம் முழுக்க விநியோகமானது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது ஆகாது, அவர்கள் டாக்டரைக் கேட்டே எதையும் எடுக்க வேண்டும்.

காய்ச்சல் வந்துவிட்டால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் இரண்டும் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று ஏதாவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கேரளத்தில் சந்தேகம் கேட்க 104, 1056 என்ற 'திசா' சுகாதார உதவி எண்கள் உண்டு. டாக்டரிடம் எத்தனை நாள் காய்ச்சல் என்பதோடு, அதற்கு முந்தைய வாரங்களில் எந்தத் தண்ணீரில் கால் வைத்தீர்கள் என்பதையும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.