அட்டைக்கு முன்னே ஒரு ஸ்டெதாஸ்கோப்

இதயத்தில் துவாரத்தோடு பிறந்த சிசுவுக்குச் சத்திரசிகிச்சை செய்விக்க, தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பமொன்று இன்று தாலியை அடகு வைக்க வேண்டியதில்லை. 2009-இல் கலைஞர் பெயரால் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவரும் ஏற்பாடு, குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்கிறது. பணமில்லாமையாலேயே மடிந்த குழந்தைகளை நினைத்துப் பார்க்கும் எவரும் இதை அற்பமென்று சொல்லத் துணியார்.

ஆயினும் நோய் இன்னதென்று தெரிந்த பிறகே அந்தக் காப்பீட்டு அட்டைக்கு வேலை. பால் குடிக்கையில் நெற்றி வியர்த்து, நாலு வாய் உறிஞ்சியதுமே மூச்சிரைத்துக் களைத்து உறங்கிவிடும் குழந்தையை, எடை ஏறாத காரணம் தோஷமே என்றெண்ணி மந்திரிக்கத் தூக்கிச் செல்லும் இளம் தாய்க்கு, கோளாறு இதயத்தில் இருக்கிறதென்று எடுத்துச் சொல்பவர் யார்? பிரசவத்துக்குப் பின் வீடு தேடி வரும் நர்சம்மாதான் முதலில் சொல்லக்கூடியவர். புதன்கிழமைதோறும் தடுப்பூசி, கர்ப்பிணிகளின் பரிசோதனை, ஓயாத கணினிப் பதிவு என்று சுமார் 5,000 பேருக்கு ஒருவராக அலையும் அவருக்கு, ஒரு குழந்தை பால் குடிப்பதை உட்கார்ந்து கவனிக்க அவகாசம் கொடுப்பதைவிட உயர்ந்த சீர்திருத்தம் இத்துறையில் வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

அவர் கண்ணுக்குத் தப்பிய குழந்தைக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து, பிறவிக் குறை முதல் வளர்ச்சித் தாமதம் வரை பரிசோதிக்க வேண்டும். பிள்ளைகளின் அழுகைக்கு நடுவே, ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி மார்பில் வைக்கும் வைத்தியர், துடிப்போடு கலந்து கேட்கும் முரலொலியைப் பிடித்துவிட்டால், ஒரு வாழ்வின் திசையே மாறுகிறது. அன்று காய்ச்சலென்று வீட்டிலிருந்த பிள்ளை அடுத்த வருகைவரை காத்திருக்க வேண்டும். சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு போய்விட்ட பிள்ளையோ இரு வருகைகளையும் இழக்கக்கூடும்.

கண்டறிந்த பின்னும் வழி எளிதன்று. இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுக்கப் பெரும்பாலும் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டியிருக்கிறது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற 2021-ஆம் ஆண்டின் உத்தரவு பக்கத்து ஊர் வரையில் கைகொடுக்கும். அதற்கப்பால் பஸ்ஸுக்குக் காசு வேண்டும், தகப்பனின் ஒரு நாள் கூலி போகும், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்தபின் மறுபரிசோதனைக்கு இதே பிரயாணம் மீண்டும் மீண்டும். மாதத்தில் ஒரு நாள் இதய வைத்தியரும் எக்கோ கருவியும் வட்டத் தலைநகரின் ஆஸ்பத்திரிக்கே வந்து போவதாக ஏற்பாடு செய்தால், அந்தக் கூலியும் பஸ் காசும் குடும்பத்திடமே நிற்கும். கோளாறு கண்டறியப்பட்ட பிள்ளைகளும் பாதி வழியில் நின்றுவிடாமல் சிகிச்சைக்கு வந்து சேர்வார்கள்.